மோட்டார் டைமர் ஏன் தள்ளிப்போகிறது? கிரிஸ்டலும் செராமிக் ரெசனேட்டரும்

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில், போர்வெல் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் டைமர் போர்டுகள் சாதாரணமாகிவிட்டன. அவற்றோடு ஒரு புகாரும் வந்து சேர்ந்திருக்கிறது. காலை ஐந்து மணிக்கு என்று வைத்த மோட்டார், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தே முக்காலை ஒட்டித்தான் ஓடத் தொடங்குகிறது. உள்ளூரில் காட்டினால் “கிரிஸ்டல் போயிருச்சுங்கண்ணா, மாத்தணும்” என்கிறார்கள். அதே போர்டைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனால் “இதுல கிரிஸ்டலே இல்லீங்களே, ரெசனேட்டர்தான் இருக்குது” என்று பதில் வருகிறது.

பொள்ளாச்சிக்காரர் சொல்வது சரி. ஆனால் அந்த ரெசனேட்டர் பழுதாகவும் இல்லை. மாதத்துக்கு முக்கால் மணி நேரம் என்றால் நாளுக்கு ஒன்றரை நிமிடம். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால், பிழை ஏறத்தாழ 0.1 சதவீதம். சாதாரண செராமிக் ரெசனேட்டருக்குத் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாள் 0.5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்றே சொல்கிறது. அந்த உதிரி தன்னிடம் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது. தவறு, அதை அந்த வேலைக்கு வைத்ததில் இருக்கிறது.

துடிப்பு எங்கிருந்து வருகிறது

போர்டை இயக்கும் ஐசியான மைக்ரோகன்ட்ரோலருக்கு நேரம் தெரியாது, எண்ணத்தான் தெரியும். 16 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 1.6 கோடி துடிப்புகள். அத்தனையும் எண்ணி முடித்ததும் “ஒரு நொடி ஆயிற்று” என்று வைத்துக்கொள்கிறது. துடிப்பு மெதுவாக வந்தால் அதன் நொடி நீண்டுவிடும். அது தப்பு என்று அதற்குச் சொல்ல உள்ளே யாரும் இல்லை.

அந்தத் துடிப்பைத் தருவதுதான் கிரிஸ்டல் அல்லது ரெசனேட்டரின் வேலை. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. சில பொருட்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் இதைக் கண்டறிந்தார்கள். மறுபக்கமாக, மின்னழுத்தம் கொடுத்தால் அந்தப் பொருள் நுட்பமாக நெளியும். சரியான அளவில் வெட்டிய ஒரு துண்டை இப்படி நெளியவிட்டு, அதிலிருந்து வரும் மின்சைகையையே பெருக்கித் திருப்பி அதற்கு ஊட்டினால், துண்டு தன் இயல்பான அதிர்வெண்ணில் இடைவிடாமல் அதிரும். ஆஸிலேட்டர் என்பது இதுதான். ஐசிக்குள் இருப்பது பெருக்கி மட்டும். அதிர்வெண்ணை முடிவு செய்யும் துண்டு வெளியே இருக்கிறது.

இரண்டு கால், மூன்று கால்

கிரிஸ்டல் என்பது குவார்ட்ஸ். மணலில் இருக்கும் அதே சிலிக்கன் டை ஆக்சைடுதான், ஆனால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய ஒற்றைப் படிகம். உயரழுத்தக் கலன்களில் செயற்கையாக வளர்த்து, குறிப்பிட்ட கோணத்தில் அறுத்து, மெல்லிய தகடாக இழைக்கிறார்கள். 16 மெகாஹெர்ட்ஸ் தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதை வெள்ளி நிற உலோகக் குப்பிக்குள் காற்றுப் புகாமல் அடைத்து, இரண்டு கால்களை வெளியே விடுகிறார்கள். 1927இல் பெல் ஆய்வகத்தின் வாரன் மாரிசன் குவார்ட்ஸை வைத்து முதல் கடிகாரம் செய்தார். 1969 டிசம்பரில் சீக்கோ அதைக் கைக்கடிகாரமாக விற்றது.

செராமிக் ரெசனேட்டர் வேறு ரகம். ஈயம், சிர்கோனியம், டைட்டேனியம் கலந்த ஆக்சைடுப் பொடியை அழுத்தி, சூளையில் சுட்டு, பிறகு உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பதப்படுத்திய பீங்கான் அது. எண்ணற்ற குட்டிப் படிகங்கள் தாறுமாறாக ஒட்டிக்கொண்டிருக்கும். கலவையும் சூளையும் கொஞ்சம் மாறினாலும் அதிர்வெண் மாறும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நீலம் அல்லது ஆரஞ்சு நிறப் பூச்சோடு, மூன்று கால்களோடு இருக்கும். நடுக்கால் கிரவுண்டுக்குப் போகும். கிரிஸ்டலுக்கு வெளியே தனியாக வைக்க வேண்டிய இரண்டு கெப்பாசிட்டர்களும் இதற்குள்ளேயே இருக்கின்றன. மூன்றாவது கால் அதற்காகத்தான். இரண்டு கால் ரெசனேட்டர்களும் உண்டு என்பதால் காலை எண்ணி மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

இவற்றின் குணத்தைப் பிரிப்பது ‘க்யூ மதிப்பு’ என்ற ஓர் எண். வெண்கல மணியைத் தட்டினால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். மண்பானையைத் தட்டினால் டொக்கென்று அடங்கிவிடும். அப்படி அதிர்வு எவ்வளவு நேரம் தேயாமல் நிற்கிறது என்பதன் அளவுதான் க்யூ. குவார்ட்ஸுக்கு அது பல ஆயிரங்களில் தொடங்கி லட்சம் வரை போகும். செராமிக்குக்குச் சில நூறு, மிஞ்சினால் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும்.

க்யூ கூடினால் துண்டு பிடிவாதமாக இருக்கும். சுற்றியுள்ள கெப்பாசிட்டரோ ஐசியோ அதை எளிதில் இழுக்க முடியாது. அதனால் துல்லியம். அதே பிடிவாதத்தால் ஓய்வு நிலையிலிருந்து முழு அதிர்வுக்கு வரவும் நேரம் பிடிக்கும். செராமிக் சட்டென்று எழும், ஆனால் எளிதில் வளைந்துகொடுக்கும். அதன் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

பி.பி.எம். கணக்கு

துல்லியத்தைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். அதுதான் பி.பி.எம். ஒரு சதவீதம் என்பது 10,000 பி.பி.எம். ஒரு பி.பி.எம். பிழை இருந்தால் நாளுக்கு 0.0864 நொடி தவறும். இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் எந்தத் தரவுத்தாளையும் நிமிடக் கணக்காக மாற்றிவிடலாம்.

1. ஐசிக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துத் துடிப்பது), ஒரு சதவீதம் என்று வைத்தால்: நாளுக்கு 14 நிமிடம் 24 நொடி.
2. செராமிக் ரெசனேட்டர், 0.5 சதவீதம்: நாளுக்கு 7 நிமிடம் 12 நொடி.
3. சாதாரண கிரிஸ்டல், 50 பி.பி.எம்.: நாளுக்கு 4.3 நொடி.
4. கடிகாரங்களுக்கான 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 20 பி.பி.எம்.: மாதத்துக்கு 52 நொடி.
5. வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டிஎஸ் 3231 போன்ற கடிகார ஐசி, 2 பி.பி.எம்.: ஆண்டுக்கு 63 நொடி.

இவை உச்சவரம்புகள். கையில் கிடைக்கும் உதிரி இதைவிட நன்றாகவே இருக்கலாம். தோப்பு டைமர் 0.1 சதவீதத்தில் நின்றது அப்படித்தான். ஆனால் அடுத்த போர்டும் அப்படி இருக்கும் என்று நம்பி வடிவமைக்க முடியாது. இன்னொன்று, 0.5 சதவீதம் என்பது தொடக்கப் பிழை மட்டும். வெப்பத்துக்கு 0.3, வயதுக்கு 0.3 சதவீதம் என்று பல தரவுத்தாள்களில் தனியாக எழுதியிருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு சதவீதத்தைத் தாண்டும். முதல் வரியை மட்டும் படிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிழை சேருமா, சேராதா?

“எது தரமானது?” என்று கேட்டு வாங்கப் போனால் பதில் எப்போதும் கிரிஸ்டல்தான். அந்தக் கேள்வியால் பயனில்லை. இந்த வேலையில் பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகுமா, அல்லது ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குமா என்று கேட்க வேண்டும்.

மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரு தாமதம் இருக்கும்: மின்சாரம் வந்து பத்து நொடி கழித்து மோட்டாரைப் போடு. 0.5 சதவீதப் பிழை இதில் 0.05 நொடி. மோட்டாருக்கும் தெரியாது, தண்ணீருக்கும் தெரியாது. அடுத்த முறை எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். பழைய பிழை ஒட்டிக்கொண்டு வராது. கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும் இப்படித்தான். இங்கே கிரிஸ்டல் வைப்பது வீண்.

டிவி ரிமோட்டைத் திறந்தால் பலவற்றில் 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர் இருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 37.9 கிலோஹெர்ட்ஸ். டிவியில் உள்ள அகச்சிவப்பு வாங்கி 38ஐ எதிர்பார்க்கிறது, ஆனால் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். கீழே விழுந்து விழுந்து வாழும் பொருளுக்கு உடையாத உதிரிதான் முக்கியம். பொருத்தமான தேர்வு.

இரண்டு போர்டுகள் சீரியல் தொடர்பில் பேசிக்கொள்வது கொஞ்சம் நுட்பமானது. ஒரு எழுத்துக்குப் பத்து பிட்கள். முதல் பிட் விழுந்ததும் வாங்கும் பக்கம் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. கடைசிப் பிட்டின் நடுப்பகுதி ஒன்பதரை பிட் தூரத்தில் வரும். அதற்குள் பிழை அரை பிட்டைத் தாண்டக் கூடாது. 0.5ஐ 9.5ஆல் வகுத்தால் ஐந்து சதவீதம். இது இரு பக்கமும் சேர்ந்த எல்லை. நடைமுறையில் பக்கத்துக்கு இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. அடுத்த எழுத்தில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆக, செராமிக் தாராளமாகப் போதும்.

யூஎஸ்பி அவ்வளவு தாராளம் காட்டாது. நொடிக்கு 12 மெகாபிட் ஓடும் ஃபுல் ஸ்பீடு வகையில் 0.25 சதவீதம்தான் அனுமதி. சாதாரண ரெசனேட்டர் இங்கே தோற்றுவிடும். ஈதர்நெட், புளூடூத் போன்றவை இன்னும் கறார். அங்கே பத்துக் கணக்கான பி.பி.எம்.தான் பேச்சு, பெரும்பாலும் கிரிஸ்டல்தான் வழி.

இந்த வித்தியாசத்தை ஒரே பலகையில் பார்க்கலாம். பாலிடெக்னிக் மாணவர்கள் கையில் புழங்கும் அர்டுயினோ ஊனோவின் மூல வடிவமைப்பில், யூஎஸ்பி வாய்க்கு அருகே ஒரு வெள்ளிக் குப்பி இருக்கும். அது யூஎஸ்பியைக் கவனிக்கும் ஐசிக்கான 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். நம் புரோகிராமை ஓட்டும் முக்கிய ஐசிக்கு இருப்பதோ, அரிசி மணி அளவில் ஒரு 16 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர். வடிவமைத்தவர்கள் இடத்துக்கு எது வேண்டுமோ அதை வைத்தார்கள். அந்தப் பலகையை வைத்துக் கடிகாரம் செய்து, “குப்பி இருக்கிறதே, நேரம் ஏன் தப்புகிறது?” என்று குழம்புவோருக்கு விடை இதுதான்.

நாளின் நேரத்தைக் காட்டும் டைமர் மட்டும் முழுக்க எதிர்ப்பக்கம். நேற்றைய பிழை மேல் இன்றைய பிழை உட்காரும். யாராவது வந்து திருத்தும் வரை அது குறையாது. செராமிக் துடிப்பை எண்ணியே நேரம் காட்டும் மலிவு போர்டுகள் இதில்தான் மாட்டுகின்றன.

பாலக்காட்டு வெயிலும் தகரப் பெட்டியும்

“பிழை எவ்வளவு என்று அளந்து, சாஃப்ட்வேரில் கழித்துவிடலாமே?” என்று கேட்கலாம். பிழை நிலையாக இருந்தால் முடியும். வெயில்தான் விடாது.

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வெயிலில் நிற்கும் தகரப் பேனல் பெட்டிக்குள், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் சூட்டோடு சேர்ந்து 60 டிகிரி ஆவதில் ஆச்சரியம் இல்லை. இரவில் கணவாய்க் காற்று வந்து இறக்கிவிடும். செராமிக்குக்கு வெப்பத்தால் மட்டும் 0.3 சதவீதம் வரை மாற அனுமதி இருக்கிறது; நாளுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல். சித்திரையில் அளந்து கழித்த எண் மார்கழிக்குப் பொருந்தாது.

கடிகாரக் கிரிஸ்டலும் இதற்கு விலக்கல்ல, ஆனால் அதன் நடத்தை கணிக்கக்கூடியது. 32.768 கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 32,768 துடிப்பு. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று கிடைக்கும் என்பதால் இந்த எண். இசைக்கவை வடிவில் வெட்டிய இந்தத் துண்டு 25 டிகிரியில் சரியாக ஓடும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். எத்தனை டிகிரி விலகலோ அதன் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் பி.பி.எம். வரும். 60 டிகிரியில் விலகல் 35. பிழை சுமார் 42 பி.பி.எம்., நாள் முழுக்க அதே சூடு இருந்தால் 3.6 நொடி. டிஎஸ் 3231 உள்ளேயே வெப்பத்தை அளந்து இதையும் சரிக்கட்டுகிறது.

செராமிக் ஜெயிக்கும் இடங்கள்

அதிர்ச்சியைத் தாங்குவதில் செராமிக் ஒரு படி மேல். குவார்ட்ஸ் தகடு மெல்லியது. போர்டு கீழே விழுந்தால் விரிசல் விடலாம்.

விழித்தெழும் வேகம் இன்னொன்று. ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி ஐசியின் அமைப்புகளிலேயே இது தெரியும்: செராமிக் என்று தேர்ந்தால் 258 துடிப்பு காத்திருந்து வேலையைத் தொடங்கலாம், கிரிஸ்டலுக்கு 16,384 துடிப்பு காத்திருக்கச் சொல்கிறது. தூங்கித் தூங்கி விழிக்கும் மண் ஈரப்பதம் அளக்கும் கருவி போன்றவற்றில், இந்தக் காத்திருப்பு பேட்டரியைத் தின்னும். விலையைப் பொறுத்தவரை, சில்லறையில் ஒன்றிரண்டு வாங்குபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. லட்சக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைக்குத்தான் மிச்சமாகும் கெப்பாசிட்டரும் இடமும் கணக்கு.

மாற்றிப் போடும் முன்

செராமிக்கைக் கழற்றிவிட்டு அதே எண் எழுதிய கிரிஸ்டலைப் போடுவது பழுது பார்க்கும் கடைகளில் வழக்கம். பெரும்பாலும் ஓடும். ஆனால் கவனிக்க வேண்டியவை சில.

1. மூன்று கால் ரெசனேட்டரை எடுத்தால் அதோடு கெப்பாசிட்டர்களும் போய்விடும். கிரிஸ்டலின் ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் 22 பிகோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு) போடுகிறார்கள். இரண்டு 22 தொடராகச் சேர்ந்தால் 11, போர்டின் தடங்களால் ஒரு நாலு, ஆக 15. கிரிஸ்டல் 18 பிகோஃபாரடுக்கு அளந்தது என்றால் சற்று வேகமாக ஓடும். 27 போட்டால் சரியாக வரும்.

2. எண்ணை முழுதாகப் படிக்க வேண்டும். 8051 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலர் வகை போர்டுகளில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். பன்னிரண்டாலும் பிறகு முப்பத்திரண்டாலும் வகுத்தால் 28,800, அதில் மூன்றில் ஒரு பங்கு 9,600. சீரியல் வேகம் சுத்தமாக வருவதற்காகத்தான் அந்த விசித்திர எண். “கிட்டத்தட்ட அதேதானே” என்று 12 போட்டால் வேகம் 10,417 ஆகும். எட்டரை சதவீதப் பிழை, திரையில் குப்பை எழுத்துகள்.

3. இரண்டு கால் கிரிஸ்டலை நடுக்கால் ஓட்டையில் சொருகினால் ஆஸிலேட்டர் எழும்பாது. ஓரத்து இரண்டு ஓட்டைகள்தான் அதன் இடம்.

4. சால்டரிங் பிசின் மிச்சம் கால்களுக்கு நடுவே இருந்தால், மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஆஸிலேட்டர் நின்றுவிடும். துடைத்துவிட்டுப் பூச்சு கொடுப்பது நல்லது. 32.768 கிலோஹெர்ட்ஸ் துண்டுள்ள போர்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவவே கூடாது. கவை முறியும் ஆபத்து உண்டு.

தோப்பு டைமருக்கு என்ன செய்வது?

முதலில் பிழையின் போக்கைப் பார்க்க வேண்டும். கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு, சில நாட்கள் ஒரே வேளையில் குறித்துவைத்தால் போதும். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளினால் துடிப்பில்தான் பிரச்சினை. கரண்ட் போன நாட்களில் மட்டும் மொத்தமாகப் பின்தங்கினால், நேரத்தைக் காக்கும் பேட்டரி செத்திருக்கிறது, அல்லது வைக்கவே இல்லை. எந்தக் கிரிஸ்டலை மாற்றினாலும் தீராது. பல் சக்கரம் சுற்றும் பழைய டைம் ஸ்விட்சுகளில் பல, மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸை நம்பி ஓடுபவை. கரண்ட் நின்றால் அவற்றின் நேரமும் அங்கேயே நின்றுவிடும்.

துடிப்புதான் காரணம் என்றால், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு மாறுவது பாதித் தீர்வு. மாதத்துக்கு முக்கால் மணி நேரம் என்றிருந்தது ஏறத்தாழ இரண்டு நிமிடமாகக் குறைந்துவிடும். மோட்டாருக்கு அது போதும். ஆனால் கரண்ட் போனால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். என் தேர்வு, செராமிக்கைத் தொடாமல் விட்டு, பட்டன் பேட்டரியோடு வரும் டிஎஸ் 3231 மாட்யூலைச் சேர்ப்பது. மைக்ரோகன்ட்ரோலர் தன் வேலைக்குச் செராமிக் துடிப்பை வைத்துக்கொள்ளட்டும், மணி என்ன என்பதை மட்டும் அதனிடம் கேட்கட்டும். ஆனால் போர்டின் புரோகிராமை மாற்றும் வசதி இருந்தால்தான் இது நடக்கும். ஐசி பூட்டப்பட்டிருந்தால் கிரிஸ்டல் மாற்றுவதே கைக்கெட்டும் வழி. அப்புறம், புதிதாக வாங்குபவர்கள் விற்பவரிடம் ஒன்றைக் கேட்கலாம்: கரண்ட் ஒரு நாள் போனாலும் நேரம் நிற்குமா? ஆம் என்றால் உள்ளே தனிக் கடிகார ஐசியும் பேட்டரியும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சிம் போட்டு ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர்களில் இந்தக் கவலை இன்னும் குறைவு. நெட்வொர்க்கிடமிருந்து நேரத்தை வாங்கித் திருத்திக்கொள்ளும் வகையாக இருந்தால், இடையில் எண்ணுவது செராமிக்காக இருந்தாலும் பிழை சேர்வதற்குள் துடைக்கப்பட்டுவிடும். எல்லையோரத்தில் சிம் ஒரு நாள் கேரள டவரையும் மறுநாள் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். ஆனால் அதனால் மணியில் தகராறு வராது.